அத்தி மரம், ஏல மலை, ஓர் ஏக்கர்

அல்லிநகரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மலை தெரியும். தேனி வளர்ந்து ஊரைச் சுற்றி வளைத்துக்கொண்டது. நகராட்சியின் பெயரில் 'தேனி அல்லிநகரம்' என்று இரண்டும் ஒட்டிக்கொண்டன. இயக்குநர் பாரதிராஜா பிறந்த ஊர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். உள்ளூர்க்காரர்களுக்கு இது வீரப்ப அய்யனாரின் ஊர். மலையடிவாரத்தில் மரங்களுக்கு நடுவே இருக்கிறார் அவர். மழைத் தண்ணீர் இறங்கி வரும் பக்கம் பார்த்து, ஓடைக்கரையிலோ கண்மாய்க்கரையிலோ காவல் தெய்வத்தை உட்கார்த்தி வைப்பது தென்மாவட்ட வழக்கம். தண்ணீருக்கும் சாமிக்கும் உள்ள உறவை இங்கே யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கிருந்து கிளம்பி கம்பம் பள்ளத்தாக்கைச் சுற்றி வருகிறவர்களின் கண்ணில் ஒன்று திரும்பத் திரும்பப் படும். நடவு வயலில் குனிந்திருப்பவர்கள் பெண்கள். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முளைப்பாரி வளர்ப்பவர்கள், தீச்சட்டி எடுப்பவர்கள், மழைக்கு வேண்டிக்கொள்பவர்கள் எல்லாம் பெண்கள். ஆனால் நிலத்தின் பட்டாவில் பெண் பெயர், அதுவும் தலித் பெண்ணின் பெயர், இருப்பது அபூர்வம். கும்பிடும் மண்ணும் கூலிக்குப் போகும் மண்ணும் ஒன்றாகவே இருக்க, உரிமை மட்டும் வேறு யாரிடமோ இருக்கிறது. இந்த முரணைப் பற்றித்தான் இந்தப் பயணம்.

தேனியிலிருந்து கம்பம் சாலையில் சில மைல் தள்ளி, முல்லையாற்றங்கரையில் வீரபாண்டி. கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவுக்குக் கூடும் கூட்டத்தைப் பார்த்தால் மாவட்டமே இடம் பெயர்ந்து வந்துவிட்டதோ என்று தோன்றும். ஆயிரங்கண் பானை, தீச்சட்டி, காவடி, ராட்டினம், பொரிகடலைக் கடை எல்லாம் உண்டு. பத்திரிகைகளில் வருவதும் அந்தப் படங்கள்தான். அதற்கு முந்தைய நாட்களில் நடப்பது இன்னும் முக்கியமானது. விழாவுக்கு முன்பே கோயில் முன்பாக ஓர் அத்தி மரக் கிளையை, மூன்று கொம்பாகப் பிரிந்த கிளையாகப் பார்த்து, கம்பமாக நடுகிறார்கள். அன்றிலிருந்து பெண்கள் ஆற்றில் குளித்து, ஈரச்சேலையோடு குடத்தில் தண்ணீர் மொண்டு வந்து அந்தக் கம்பத்துக்கு ஊற்றுகிறார்கள். சுட்டெரிக்கும் வெயிலில், வேரில்லாத ஒரு மரத்துண்டுக்கு, நாள் தவறாமல் ஆற்று நீர். அடியில் மண் சேறாகிக் கிடக்கும். மஞ்சளும் வேப்பிலையும் அதில் மிதக்கும்.

ஏன் அத்தி? அம்மனுக்குத் துணையான ஈசனே அந்தக் கம்பம் என்பது கோயில் வழக்கு. இதே அத்தி இனத்து மரம் ஒன்று கென்யாவில் ஒரு பெண்ணின் வாழ்க்கையையே திருப்பிப் போட்டிருக்கிறது. வங்காரி மாத்தாய் 1940இல் பிறந்தவர். நியேரி பக்கம் அவருடைய கிராமத்தில் ஓர் அத்தி இருந்தது. அதில் விறகு ஒடிக்கக் கூடாது, அது கடவுளின் மரம் என்று அம்மா சொல்லி வளர்த்தார். மரத்துக்கு அருகிலேயே ஒரு நீரூற்று. தலைப்பிரட்டைகளைக் கையில் பிடித்து விளையாடியது அங்கேதான். படித்துவிட்டு அமெரிக்காவிலிருந்து திரும்பியபோது மரம் இல்லை. நிலத்தை வாங்கியவர், இடத்தை அடைக்கிறது என்று அதை வெட்டிவிட்டுத் தேயிலை நட்டிருந்தார். ஊற்றும் வற்றிப்போயிருந்தது. அத்தி வேர் பாறைக்குள் இறங்கி நிலத்தடி நீருக்கு வழி திறப்பதை அறிவியலாளராகப் பின்னால் புரிந்துகொண்டார் மாத்தாய். அம்மாவின் பக்திக்குள் ஒரு நீர் மேலாண்மை இருந்திருக்கிறது. 1977இல் அவர் தொடங்கிய பசுமைப் பட்டை இயக்கத்தில் ஏழைக் கிராமத்துப் பெண்கள் நட்ட மரங்கள் கோடிக்கணக்கில். 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண் அவர்.

வீரபாண்டிப் பெண்களுக்கு மாத்தாயைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர்கள் செய்வதை 'மூடப்பழக்கம்' என்று ஒதுக்குகிறவர்கள் மாத்தாயைக் கொஞ்சம் படித்துப் பார்க்கலாம்.

முளைப்பாரியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். வீடு வீடாகத் தானியம் வாங்கி, ஊறவைத்து, அடிப்பகுதி உடைந்த பானையிலோ கூடையிலோ வைக்கோல் பரப்பி, கண்மாய்க் கரம்பை மண்ணும் உலர்ந்த சாணிப்பொடியும் கலந்து போட்டு விதைக்கிறார்கள். பிறகு வெளிச்சம் புகாத அறை. ராத்திரியானால் தெருப் பெண்கள் கூடி, சுற்றி வந்து கும்மி கொட்டுகிறார்கள். ஆண்களுக்கு அங்கே வேலையில்லை. வெயில் படாததால் முளைகள் பச்சை பிடிக்காமல் வெளிறிய மஞ்சளாக, ஒரு முழத்துக்கு நெட்டையாக நீண்டு நிற்கும். யாருடைய விதை நன்றாக வந்திருக்கிறது, எது படுத்துவிட்டது என்று ஊரே பார்க்கும். வரும் போகத்துக்கு விதையைச் சோதித்துப் பார்க்கும் முறை இது என்று நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் சொல்வதுண்டு. சோதனையும் வேண்டுதலும் ஒரே பானையில் முளைக்கின்றன.

இதையெல்லாம் அழகான சடங்கு என்று மெச்சிவிட்டு நகர்ந்துவிட முடியாது. முளைப்பாரி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்று தகராறு வந்து, போலீஸ் காவலோடு விழா நடப்பது தென்மாவட்டங்களில் புதிதல்ல. ஒரே மழைக்காக வேண்டும் பெண்கள் வெவ்வேறு வழிகளில் ஆற்றுக்குப் போக வேண்டியிருக்கிறது. மண்ணைத் தாயென்று சொல்லும் ஊர், அந்தத் தாயின் பிள்ளைகளைத் தெரு பிரித்து வைத்திருக்கிறது. ஆன்மிகத்தைப் பேசும்போது சாதியை விட்டுவிட்டுப் பேசுவது பாதிப் பேச்சு.

வீரபாண்டியைத் தாண்டினால் இருபோக நெல் வயல்கள். முல்லைப்பெரியாறு அணை 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பிறகு உருவான பசுமை இது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக ஆயக்கட்டு. அணையைக் கட்டிய பென்னிகுயிக்கின் படம் கடைகளிலும் வீடுகளிலும் சாமி படங்களோடு மாட்டியிருக்கிறது. தண்ணீர் கொண்டு வந்தவரைக் கும்பிடும் மக்கள் இவர்கள். அந்த நன்றி உண்மையானது. அந்த வயல்களில் சேற்றில் கால் வைத்து நாற்று நடும் பெண்களுக்குப் படம் கிடையாது.

போடியிலிருந்து தேவாரம் போகிற பக்கம், மலைக்குக் கீழே பொட்டிப்புரம். சின்ன ஊர், கொஞ்ச காலம் உலக இயற்பியலாளர்கள் வாயில் எல்லாம் இந்தப் பெயர் இருந்தது. இங்குள்ள அம்பரப்பர் மலையைக் குடைந்து, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை போட்டு, 50,000 டன் இரும்புக் காந்தக் கருவியை உள்ளே வைத்து நியூட்ரினோ துகள்களை ஆராய்வது திட்டம். முதலில் பார்த்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009இல் அனுமதி மறுக்கப்பட்டது. பிறகுதான் தேனி. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது.

நியூட்ரினோ யாரையும் சுடாது, கதிரியக்கம் கிடையாது என்றார்கள் விஞ்ஞானிகள். அதில் பொய்யில்லை. ஆனால் ஊர்ப் பெண்கள் கேட்டது வேறு. பாறைக்கு வெடி வைத்தால் ஊற்றுக்கண் என்னாகும்? ஆடு மாடு எங்கே மேயும்? சுரங்கத்திலிருந்து வெளியே வரும் கல்லும் தூசியும் எங்கே போகும்? துகள் இயற்பியலுக்கு விடை சொன்னவர்கள் இந்தக் கேள்விகளை அடுத்த அறைக்குத் தள்ளிவிட்டார்கள். வழக்குகள் நடந்தன. பசுமைத் தீர்ப்பாயத்தில் 'பூவுலகின் நண்பர்கள்' அமைப்பினர் போராடினார்கள். 2017இல் சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டு, 2018இல் மறுபடி வழங்கப்பட்டது. புலிகளின் வழித்தடம் இருக்கிறது, ஆகவே அனுமதிக்க முடியாது என்று 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் நிலையெடுத்தது. புலியைச் சொன்ன பிறகுதான் மலை தப்பித்தது. ஆடு மேய்க்கும் பெண்ணின் வார்த்தைக்கு மட்டும் அந்தக் கனம் கிடைத்திருந்தால் வழக்கு இவ்வளவு நீண்டிருக்காது.

தெற்கே கூடலூரையும் லோயர் கேம்ப்பையும் கடந்தால் பளியன்குடி. பளியர் பழங்குடியினரின் குடியிருப்பு. இங்கிருந்து காட்டு வழியே ஆறு கிலோமீட்டருக்கு மேல் ஏறினால் வண்ணாத்திப்பாறையின் உச்சியில் மங்கலதேவி கண்ணகி கோட்டம். வருஷத்தில் ஒரே நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும் திறப்பு. இரண்டு மாநில அதிகாரிகளும் கூடிப் பேசி, இத்தனை மணிக்குள் ஏறி இத்தனை மணிக்குள் இறங்க வேண்டும் என்று வகுத்த பிறகுதான் நடக்கும். அன்றைக்கு வயதான பெண்கள் செருப்பில்லாத காலோடு, இடுப்பில் பொங்கலுக்கான அரிசி மூட்டையோடு ஏறுவதைப் பார்க்கலாம். மூச்சு வாங்கினால் பாறையில் உட்கார்ந்து கொள்கிறார்கள். யாரும் பாதியில் திரும்புவதில்லை.

மதுரையை எரித்த பின் வைகைக் கரையோடு மேற்கே நடந்து, நெடுவேள் குன்றில் ஒரு வேங்கை மரத்தடியில் நின்றவளைக் குறவர்கள் கண்டார்கள் என்கிறது சிலப்பதிகாரம். அரசனிடம் நியாயம் கேட்டவளை முதலில் தெய்வமாகப் பார்த்தவர்கள் மலைக்குடிகள். பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவியதும் அநீதியின் விளைவு என்றே காப்பியம் சொல்கிறது. நீதி கெட்டால் மழை கெடும். இன்றைய சூழலியல் நீதி இயக்கங்கள் பேசுவதும் இதற்கு வெகு தூரமில்லை. இலங்கையின் மட்டக்களப்பில் இந்த நம்பிக்கை இன்னும் ஈரம் காயாமல் இருக்கிறது: வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்தி செய்கிறார்கள். அவள் சினம் தணிந்தால் மண் குளிரும், நோய் விலகும்.

கோட்டம் இருப்பது பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள். காடும் காவலும் கடுமையாகக் கடுமையாக, அதே காட்டில் தேன் எடுத்து, கிழங்கு தோண்டி வாழ்ந்த பளியர்களுக்கு இடம் குறைந்தது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்தே உரிமைப் பத்திரம் தர வேண்டும் என்கிறது. காகிதத்தில் இது பெரிய விஷயம். மலையடிவாரத்தில் ஓட்டு வீடுகளுக்கு முன் உட்கார்ந்திருக்கும் பளியப் பெண்ணின் கைக்கு அந்தக் காகிதம் வந்து சேர வேண்டும்.

விடிவதற்கு முன்பே கம்பம், கூடலூர், தேவாரம், போடி தெருக்களில் ஜீப்புகள் உறுமும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு: மூன்று வழிகளிலும் 'மெட்டுக்கு மேலே' வேலை. இடுக்கியின் ஏலக்காய் உலகச் சந்தைக்குப் போவது இவர்கள் விரல் வழியாகத்தான். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். காய் பிடிப்பதோ தூரில், தரையோடு தரையாகக் கிடக்கும் சரங்களில். ஆகவே குத்தவைத்து உட்கார்ந்து, சருகை விலக்கி, பழுத்த காயை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டும். பிஞ்சைத் தொட்டால் ஏச்சு. அட்டை கடிக்கும். நாளெல்லாம் ஈரம். பூச்சிமருந்து அதிகம் அடிக்கும் பயிர்களில் ஏலமும் ஒன்று. அந்த மருந்து படிந்த தூரில்தான் கை துழாவுகிறது. சாயங்காலம் அதே ஜீப், அதே கொண்டை ஊசி வளைவுகள். மிதமிஞ்சி ஏற்றிய வண்டிகள் கவிழ்ந்து பெண்கள் செத்த செய்தி இங்கே வருஷா வருஷம் கேட்பதுதான்.

போடிமெட்டு ஏறி மூணாறுக்குப் போனால் மாத்தாயின் தேயிலை நினைவுக்கு வரும். 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ குத்தகைக்கு வாங்கிய மலை. சோலைக்காடுகள் அழிந்து தேயிலை வந்தது. காட்டைத் திருத்தவும் கொழுந்து கிள்ளவும் ஆட்கள் ஏறியது தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து. அவர்களில் மிகப் பலர் தலித்துகள். பெட்டியில் அடைத்த தேயிலை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியே கடல் கடந்தது. ஆட்கள் மலையிலேயே தங்கிவிட்டார்கள், தலைமுறை தலைமுறையாக, சொந்த வீடில்லாத லயங்களில். போன இடத்துக்கெல்லாம் சாமியையும் கூடவே கொண்டு போனார்கள். இலங்கை மலையகத்தில் தேயிலை ஆலையின் சக்கரத்துக்கே 'ரோதை முனி' என்று ஒரு தெய்வம் பிறந்தது. கையைக் காவு வாங்கக்கூடிய இயந்திரத்தோடு சமாதானம் பேச வேறு வழியிருக்கவில்லை.

2015 செப்டம்பரில் மூணாறுப் பெண்கள் சமாதானம் பேசவில்லை. போனஸைக் குறைத்தபோது, தொழிற்சங்கத் தலைவர்களை அண்டவிடாமல், ஆயிரக்கணக்கான பெண்கள் தாங்களாகவே சாலையில் உட்கார்ந்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பேர் வந்தது. கோமதியும் லிஸ்ஸி சன்னியும் முன்னால் நின்றார்கள். ஒன்பது நாளில் 20 சதவீத போனஸ் கிடைத்தது. கேட்ட நாள்கூலி 500. 232 ரூபாயாக இருந்தது பிறகு 301 ஆனது. சங்கத்து ஆண்களையே விலகி நிற்கச் சொன்ன அந்தத் துணிவு, பள்ளத்தாக்கின் பெண்கள் வரலாற்றில் முதல் பக்கத்தில் எழுத வேண்டியது.

ஐந்து வருஷம் கழித்து, 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மீது விழுந்தது. மின்சாரமில்லை, தொலைபேசியில்லை, வெளியுலகத்துக்குச் செய்தி போகவே விடிந்துவிட்டது. 70 பேர் இறந்தார்கள். பலருக்குப் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு. மழை எல்லோருக்கும் பொதுவாகத்தான் பெய்தது. சரிவுக்குக் கீழே வரிசை வீட்டில் யார் படுத்திருந்தார்கள் என்பது மழை எடுத்த முடிவில்லை. அமெரிக்காவில் இதைச் சூழலியல் அநீதி என்று உரக்கச் சொன்னவர்கள் கறுப்பின மக்கள். 1982இல் வட கரோலினாவின் வாரன் கவுண்டியில், நச்சு மண்ணைக் கறுப்பினத்தவர் ஊரில் கொட்ட வந்த லாரிகளுக்கு முன்னால் மக்கள் படுத்தார்கள். சிகாகோவில் ஹேசல் ஜான்சன் என்ற தாய், தன் குடியிருப்பைச் சுற்றி மட்டும் ஏன் இத்தனை குப்பைமேடு, இத்தனை ஆலை என்று கேட்டு 1979இலேயே அமைப்பு கண்டார். ஒரே கேள்வி. மலையில் மண் சரிகிறது, சிகாகோவில் காற்று கெடுகிறது.

இரண்டு வரலாறும் ஒன்றல்ல. கப்பலில் கட்டி இழுத்துப் போகப்பட்டவர்களின் துயரம் வேறு, சொந்த ஊரிலேயே சேரிக்கு ஒதுக்கப்பட்டவர்களின் துயரம் வேறு. ஆனாலும் ஒருவரை ஒருவர் அடையாளம் கண்டுகொண்டிருக்கிறார்கள். 1946இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். 1959இல் கேரளத்தின் ஒரு பள்ளியில் தன்னைச் சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தியபோது முதலில் துணுக்குற்றதையும், பிறகு அது உண்மைதான் என்று உணர்ந்ததையும் மார்ட்டின் லூதர் கிங் சொல்லியிருக்கிறார்.

திரும்பும் வழியில் தேனியைத் தாண்டிக் கிழக்கே வத்தலக்குண்டு வரை போக வேண்டும். பக்கத்தில் பட்டிவீரன்பட்டி, அதையொட்டி அய்யங்கோட்டை. 1926இல் அங்கே ஒரு நிலமற்ற தலித் குடும்பத்தில் பிறந்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். சமூக சேவகர் சௌந்திரம் அம்மையாரின் ஆதரவில் படித்தார். சுதந்திரம் கிடைத்த பிறகுதான் கல்யாணம் என்றிருந்த சங்கரலிங்கம் ஜெகந்நாதனை 1950இல் மணந்தார். வினோபாவின் பூதான இயக்கத்தில் இருவரும் நடந்தார்கள். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரிக்கப்பட்டதும் கிருஷ்ணம்மாள் தஞ்சைக்குப் போய் அங்கேயே தங்கினார். வள்ளலாரின் ஜோதியைக் கும்பிடுகிறவர். விளக்கேற்றிப் பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் எந்தப் போராட்டத்துக்கும் கிளம்புவார். அந்தப் பிரார்த்தனையின் மறுபாதி பத்திரப் பதிவு அலுவலகத்தில் நடந்தது.

1981இல் கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் தொடங்கிய லாஃப்டி அமைப்பின் வேலை எளிமையானது, பிடிவாதமானது. நிலச்சுவான்தாரையும் நிலமில்லாதவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசி, நியாய விலைக்கு முடித்து, வங்கிக்கடன் வாங்கிக்கொடுத்து, குடும்பத்துக்கு ஓர் ஏக்கர். பத்திரம் பெண்ணின் பெயரில். இப்படிச் சுமார் 13,000 குடும்பங்கள். அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஃபேனி லூ ஹேமர் செய்ததும் இதற்கு அக்கா தங்கை முறைதான். ஓட்டுரிமைக்குப் பதிய முயன்றதற்காக 1962இல் பண்ணையிலிருந்து துரத்தப்பட்ட அந்தக் குத்தகைக் கூலிப்பெண், 1969இல் கூட்டுப்பண்ணை தொடங்கினார். சில நூறு ஏக்கராக அது வளர்ந்தது. ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பெண்பன்றி, அது ஈன்றதும் குட்டிகள் இன்னொரு குடும்பத்துக்கு என்று 'பன்றி வங்கி' நடத்தினார். தேவாலயப் பாட்டும் உழவும் அவருக்கு வேறுவேறாக இருக்கவில்லை.

1990களில் நாகப்பட்டினக் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்தன. உப்புநீர் இறங்கி வயல் கெட்டது, குடிதண்ணீர்க் கிணறு கெட்டது. கூலி வேலையும் போனது. கிருஷ்ணம்மாளும் பெண்களும் பண்ணை வாசலில் உட்கார்ந்தார்கள். ஜெகந்நாதன் வழக்கோடு உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பரில் நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பளித்தது. இந்தியச் சூழலியல் சட்டத்தில் அந்தத் தீர்ப்பு தனி அத்தியாயம். தீர்ப்பை நீர்த்துப்போக வைக்கும் முயற்சிகளும் உடனே தொடங்கின. போராட்டம் தெருவுக்குத் திரும்பியது. 2008இல் மாற்று நோபல் எனப்படும் பரிசு இருவருக்கும் வந்தது. 2020இல் கிருஷ்ணம்மாளுக்குப் பத்மபூஷண்.

1892இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து தலித்துகளுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் சென்னை மாகாணத்தில் 12 லட்சம் ஏக்கர் அளவுக்கு இருந்ததாகக் கணக்கு. பெரும்பகுதி கைமாறிப்போனது. மீட்கக் கேட்டு 1994இல் செங்கல்பட்டு அருகே காரணையில் போராடியபோது ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். அந்த நிலங்களின் பழைய பதிவேடுகள் தாலுகா அலுவலகங்களில் இருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கிலும் அவற்றை எடுத்து, சர்வே எண் வாரியாகப் பார்த்து, அத்திக் கம்பத்துக்குத் தண்ணீர் சுமக்கும் பெண்களின் பெயருக்கு எழுதித் தர வேண்டும். கிருஷ்ணம்மாள் ஊர் ஊராகப் போய் நிலத்தைப் பெண்கள் பெயருக்கு எழுதவைத்தது போல, ஒவ்வோர் ஏக்கராக.